துரு மேல் அடித்த சில்வர் பெயிண்ட்

வெள்ளைத் துணியில் பழுப்புக் கறை ஒட்டினால் திரௌபதி மறுபடியும் கம்பி பிரஷ்ஷை எடுத்துவிடுகிறாள். ஜன்னல் கிரில்லின் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் புரட்டிப் பார்க்கிறாள். வேங்கிக்கால் பட்டறையில் மற்றவர்கள் மூன்று கிரில் முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றைத்தான் முடிப்பாள். "உன்னால லேட்டு ஜாஸ்தி ஆவுது," என்று முதலாளி இராமலிங்கம் சலித்துக்கொள்வார். "உள்ள துரு இருந்தா மேல எதைப் பூசினாலும் தின்னுகினேதாங்க இருக்கும்," என்பாள். அதற்கு மேல் பேச்சு வளர்க்கமாட்டாள்.

அடிப்பூச்சுக்கான பிரைமர் டப்பாவைத் திறந்தால் குச்சியை அடிவரை விட்டு நெடுநேரம் கலக்குவாள். அதில் கலந்திருக்கும் துத்தநாகத் தூள் கனமானது. அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலாக எடுத்து அடித்தால் இரும்பைக் காக்கிற சரக்கு டப்பாவிலேயே தங்கிவிடும். இன்னொன்று, அவள் ஏணியில் ஏறமாட்டாள். உயரத்தில் வேலை என்றால் பொருளைக் கீழே இறக்கித் தரச் சொல்வாள்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவளுடையது. 1997இல் அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணிக்குப் பூச்சு வேலை வந்தது. துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் இரண்டு கோட்டு, அதன் மேல் சில்வர் என்பது ஒப்பந்தம். கான்ட்ராக்டர் கொண்டுவந்து இறக்கியது சில்வர் மட்டும். மேல்படிகளில் கை வைத்தால் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது.

"இது தாங்காதுங்க," என்றாள்.

"மேல ஏறி எவன் பாக்கப் போறான்? பளபளன்னு இருந்தா போதும். முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆள் இருக்குது."

மேலே ஏறுகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியும். தொட்டி ஆபரேட்டர் கோதண்டராமன், அடுத்த தெருக்காரர். தெரிந்தேதான் அடித்தாள். அதற்கு முன் மூன்று மாதம் வேலையில்லாமல் கிடந்தவள். வெயிலில் ஏணி புதுப் பாத்திரம் போல மின்னியது. கோதண்டராமன் கீழே நின்று பார்த்துவிட்டு, "சூப்பரா பண்ணிட்டம்மா," என்றார்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் படி ஒன்று அவரோடு சேர்ந்து கழன்று வந்தது. இடுப்பு உடைந்து, வலது கால் விளங்காமல் போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரியிடம் கான்ட்ராக்டர், "குடிச்சிட்டு ஏறினாருங்க," என்றான். திரௌபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"அண்ணன் குடிக்கிற ஆளு இல்லங்க. நான்தான் பெயிண்ட் அடிச்சேன், துரு மேலயே அடிச்சேன். அடிக்கச் சொன்னது இவரு."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து வந்த காகிதத்தில், பூச்சு வேலை செய்த பெண்ணின் கவனக்குறைவே காரணம் என்று இருந்தது. அவள் பெயர் இருந்தது. கான்ட்ராக்டர் பெயர் இல்லை. புது ஏணி போடும் வேலையும் அவனுக்கே கிடைத்தது. ஊர்க் குழாயடியில் அவள் குடத்தோடு நின்றால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த வருடமே வேங்கிக்காலுக்கு வந்துவிட்டாள்.

போன மாதம் கோதண்டராமன் பட்டறைக்கு வந்தார், இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு. மகள் கவிநிலா கட்டும் வீட்டுக்கு ஜன்னல் கிரில் எடுத்துப்போக வந்திருந்தார். ஆர்டர் கொடுத்தது மருமகன் என்பதால் அது யார் வீட்டுக் கிரில் என்று அவளுக்குத் தெரியாது. காய்ந்திருந்ததைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். ஆறு வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை.

"நீதான் அடிச்சியா?"

"ஆமாண்ணா."

"நல்லா சொரண்டினியா?"

"சொரண்டினேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, கம்பியில் அழுத்திக் கீறத் தொடங்கினார். பூச்சு லேசில் விடவில்லை. கட்டையில் நின்ற உடம்பு ஆட, கிரில்லும் கூடவே ஆடியது. திரௌபதி குனிந்து, அவர் கீறுவதற்கு வாகாக, அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.