விரிசலை மறைத்த துணிப்படம்

சுவரில் இருந்த விரிசலை மறைக்கத்தான் அந்தத் துணிப்படத்தை மாட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அந்தப் படத்தைப் பற்றித் தேயிலைத் தோட்டத்தில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். பேசியவர்களில் யாருக்கும் இது தெரியாது.

பொகவந்தலாவைக் கடைவீதியிலிருந்து ஆட்டோவில் அரைமணி நேரம் மேலே ஏறினால் எங்கள் லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பத்து வீடுகள். எங்களுடையது ஏழாவது. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, உள்ளே காம்பிரா என்கிற ஒரே அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. அடுப்படிச் சுவருக்கு நாலடி தள்ளி மண்மேடு செங்குத்தாக நிற்கும். அதற்கு மேலே தேயிலை. வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும் நடக்க முடியாத மாமனாரும். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார்.

நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு மழைநாளில் தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கானில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த பிறகும் கூடை தூக்க முடியவில்லை. சும்மா வைத்திருந்தால் கை விறைத்துவிடும், விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்படித்தான் ஊசியை எடுத்தேன்.

போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். பெயின்ட் வாளி மூடியின் விளிம்பை வட்டமாக வெட்டி, அதில் துணியை இறுக்கிப் பூத்தையல் போட்டேன். கடைவீதித் தையல்காரர் ஒரு மூட்டை வெட்டுத்துணி தந்தார். அதில் தலையணை உறை, துணிப்பூ, மகளுக்கு ஒரு பை. வெள்ளைத் துணியை மண்நிறமாக்க, தேயிலைத் தூளை உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து அதில் ஊறப்போட்டேன். அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க குடிக்கிறதுக்கே நல்ல தூள் இல்ல, இவ துணிக்கு தேத்தண்ணி ஊத்துறா" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். அவளுக்கு என்னைவிட ஆறேழு வயது அதிகம். எதையும் சத்தமாகத்தான் சொல்வாள்.

மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு பெரிய படம் தைத்தேன். எதிர்மலைதான். பச்சைத் துண்டுகளை வரிவரியாக ஒட்டித் தைத்து தேயிலை, மண்நிறத் துணியில் பாதை, பழைய பாடசாலைச் சட்டையின் வெள்ளையில் பனி. ஏழடி அகலம். அதைத் தைத்த நாட்களில் என் கை வலித்ததாகவே நினைவில்லை.

காம்பிராவின் பக்கச் சுவரில், கட்டிலுக்கு மேலே, மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருந்தது, தலைமுடி அளவுக்கு. ஒவ்வொரு தீபாவளிக்கும் சுண்ணாம்பு அடித்து மூடுவோம், மாசிக்குள் மறுபடி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு படுப்பது எனக்குப் பிடிக்காது. படத்தைச் சரியாக அதன்மேல் மாட்டினேன். காற்றுக்கு ஆடாமலிருக்க இரண்டு ஓரத்திலும் மரச்சட்டம் வைத்து ஆணி அடித்தேன். நடுவில் துணி கொஞ்சம் தொய்வாகத்தான் நின்றது. விரிசல் இருந்ததையே மறந்துபோனேன்.

மழை தொடங்கி இரண்டாவது வாரம். பாடசாலை விட்டு வந்த மகள் கட்டிலில் ஏறி நின்று படத்தைத் தட்டினாள்.

"அம்மா, இங்க பாருங்க. மேளம் மாதிரி இருக்கு."

நானும் தட்டிப் பார்த்தேன். தொய்வு போயிருந்தது. ஈரத்தில் துணி சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். தைத்த இடங்கள் பிய்ந்துவிடுமே என்ற கவலையில், ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றிக் கொஞ்சம் உள்ளே தள்ளி மறுபடி அடித்தேன். வேலை முடிந்ததும் படம் பழையபடி தொய்ந்து நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஐந்து நாள் கழித்து மறுபடி இறுகியது. மறுபடியும் தளர்த்தி அடித்தேன். மூன்றாவது முறை இறுகியபோது, சுத்தியலை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. படத்துக்கு வெட்டிய அதே பச்சைத் துணியில் மிச்சம் ஒரு முழம் பெட்டியில் இருந்தது. அதுவும் இதே ஈரத்தில்தான் கிடந்தது. எடுத்து டேப்பால் அளந்தேன். வெட்டிய அளவு அப்படியே இருந்தது. துணி சுருங்கவில்லை.

அப்படியென்றால் எது நகர்ந்தது?

மாமனார் இஸ்தோப்பில் நாற்காலியில் இருந்தார். மகள் அவருக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் படத்தின் கீழ் ஓரத்தைத் தூக்கினேன். உள்ளேயிருந்து குளிர்காற்று என் முகத்தில் அடித்தது. கூடவே பச்சை மண்ணின் வாசம். தலைமுடி அளவு இருந்த விரிசலுக்குள் என் சுண்டுவிரல் முழுதாகப் போனது. விரலை எடுத்தபோது நுனியில் சேறு.

துணியைக் கீழே விட்டேன். ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்த்தவள் போல அதை நீவிச் சரிசெய்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். அந்தக் கட்டிலில்தான் நானும் மகளும் இத்தனை நாளும் சுவரை ஒட்டிப் படுத்திருந்தோம்.

மாமனாரிடம் போய்ச் சொன்னேன்.

"அந்த வெடிப்பு எங்க கல்யாணத்துக்கு முந்தியே இருந்திச்சு புள்ள" என்றார் அவர். "சும்மா பயப்படாத."

"இப்ப விரல் போகுது மாமா."

அவர் மேட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று அப்போது புரிந்தது.

அடுத்த வீட்டு அக்காவிடம் ஓடினேன். வழக்கமாகச் சத்தம் போடுகிறவள் அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் சுவத்துல எங்க பக்கம் துணிமணி தொங்குது, நானும் கவனிக்கல. எங்க அடுப்படிக் கதவும் நாலு நாளா சாத்த வரல. மழையில மரம் ஊதியிருக்குன்னு நெனச்சு அவரு சீவிக்கிட்டு இருந்தாரு." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் இரண்டு நாளாகத் தண்ணீர் கலங்கி வருகிறது என்று அவள்தான் அப்போது நினைவுபடுத்தினாள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் கண்ணில் பட்ட ஒன்றுக்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தார்கள், நான் ஈரத்தைச் சொன்னதுபோல.

மறுநாள் காலை பெரட்டுக் களத்துக்குப் போய், தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையாவிடம் சொன்னேன். வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தவர், "எல்லா லயத்திலயும் வெடிப்பு இருக்கும்மா. மழை விடட்டும், வந்து பாக்குறேன்" என்றார்.

"மழை விட்டப் பொறகு பாக்குறதுக்கு நாங்க இருக்கணுமே ஐயா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியாது. அதுவரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. அக்காவும் வேறு நாலைந்து பெண்களும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கடைசியில் அவர் குடையை எடுத்தார்.

காம்பிராவுக்குள் வந்ததும் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நீ செஞ்சதா? நல்லாயிருக்கே" என்றார். நான் ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றித் துணியை விலக்கினேன். அவர் விரிசலுக்குள் கையை வைத்தார். எனக்குச் சுண்டுவிரல் போன இடத்தில் அவருக்கு இரண்டு விரல் போனது. ஒரு நாளில். வெளியே போய் மேட்டின் பக்கமாக நடந்து பார்த்துவிட்டு, போனில் யார் யாருக்கோ சிங்களத்தில் வேகமாகப் பேசினார். திரும்பி வந்தவர், "பத்து வீடும் இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போங்க. சாமான் எல்லாம் பொறகு பாத்துக்கலாம்" என்றார்.

மாமனார் வரமாட்டேன் என்றார். பிறந்த லயம் என்றார், இஸ்தோப்பில் கிடக்கும் தன் கட்டில் இல்லாமல் தூக்கம் வராது என்றார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்த பிறகுதான் உண்மையான காரணம் வந்தது.

"அத்தன பேருக்கு முன்னால என்னைய கக்கூசுக்கு யாரு கூட்டிட்டுப் போவா? நீ பொம்பளப் புள்ள."

"நான்தான் கூட்டிட்டுப் போவேன் மாமா. யாரும் பாக்காம ஒரு சேலைய மறைப்பாக் கட்டிர்றேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காவின் புருஷனும் இன்னொருவரும் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். மகள் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பாதை முழுக்க என் காது மேட்டுப் பக்கமே இருந்தது. மழையின் ஒவ்வொரு சத்தமும் வேறு ஏதோ சத்தமாகக் கேட்டது.

மறுநாள் காலைதான் தெரிந்தது, மாமனாரின் பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று. அவருக்குத் தலை சுற்றியது. மழை கொஞ்சம் அடங்கியிருந்தது. ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன்.

லயத்தில் ஒரு சத்தமும் இல்லை. கோழிகள்கூட எங்கே போயின என்று தெரியவில்லை. கதவைத் தோளால் முட்டித்தான் திறந்தேன். உள்ளே வந்ததும் அது தானாகவே மூடிக்கொண்டது. காம்பிரா இருட்டாக இருந்தது. படம் நடுவில் மேலிருந்து கீழாகக் கிழிந்திருந்தது. என் தையல் எதுவும் விடவில்லை. துணிதான் கிழிந்திருந்தது. கிழிசலுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. அது அக்கா வீட்டுக் காம்பிராவின் ஜன்னல் வெளிச்சம்.

மாத்திரை டப்பாவை எடுத்தேன். அப்போது தலைக்கு மேலே தகரம் முனகியது. பின்னால் கதவு டக்கென்று ஒரு சத்தம் போட்டது. நிலை சாய்ந்து, மூடியிருந்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டது. இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், உடைந்த மணிக்கட்டில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. கத்தினேன். கேட்க ஆளில்லை என்று தெரிந்தும் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பயம் என்றால் என்ன என்று அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துகொண்டேன். நான் வழக்கமாகக் கும்பிடும் சாமிகளின் பெயர்கூட எனக்கு வரவில்லை.

அடுப்படிக் கதவும் இறுகித்தான் இருந்தது. காம்பிரா ஜன்னலுக்கு மரக்கம்பிதான். அரிவாள்மனையால் வெட்டி இரண்டு கம்பியைப் பெயர்த்து, தலையை முதலில் விட்டு, இஸ்தோப்பில் போய் விழுந்தேன். டப்பா இடுப்பில் இருந்தது. எழுந்து ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது அது வந்தது. லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோலத் தொடங்கி, நிற்காமல் நீண்ட ஒரு சத்தம். மண்டபத்தில் இருந்த எல்லோரும் கையில் சோற்றோடு அப்படியே நின்றோம். முதலில் அழுதது ஆண்கள்தான். பிறகு பார்த்தபோது கடைசி மூன்று வீடுகள் இருந்த இடத்தில் சேறும், வேரோடு தேயிலைச் செடிகளும் கிடந்தன. எங்கள் வீடு நின்றது, இரண்டாகப் பிளந்து. ஒரு உயிரும் போகவில்லை.

"அந்தப் படம்தான் நம்மள காப்பாத்திச்சு" என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். பார்க்க வந்த அதிகாரிகளிடம் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னாள். ஊர்ப் பெண்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் கையை இழுத்துக்கொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

கணவர் வந்த அன்று, பாடசாலைப் படிக்கட்டில் வைத்து அவரிடம் மட்டும் சொன்னேன். இரண்டு தடவை தளர்த்தி அடித்ததை. விரிசலைப் பார்க்கப் பிடிக்காமல் மறைத்ததை. படத்தை நான் தைக்காமலேயே இருந்திருந்தால் பத்து நாளைக்கு முன்பே கண்டிருப்பேன் என்பதை.

அவர் என் மணிக்கட்டைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "மூணாவது தடவ அடிக்கலதானே?" என்றார்.

"அடிக்கல."

"அப்ப விடு."

விட முடியவில்லை. இப்போது தகரச் சுவர் போட்ட தற்காலிக வீட்டில் இருக்கிறோம், பின்னால் மேடு இல்லாத சமதரையில். பல மாதம் ஊசியைத் தொடவில்லை. மழை பெய்தால் மகள் பாடம் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் பயப்படுகிறேனா என்று பார்க்கிறாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் ஒரு மழை மத்தியானம் தையல் பெட்டியைத் திறந்தேன். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கைக்குட்டையில் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுத்தேன். தகரத்தில் மழை கொட்டியது. எங்கள் இரண்டு பேர் தையலும் கோணலாகத்தான் போனது.

"கை நடுங்குதும்மா" என்றாள்.

"எனக்கும்தான்" என்றேன்.