வேட்டி மூடிய டிவி

தாராவியில் அந்தச் சந்துக்குக் கால்பந்து என்றால் உயிர். எல்லாம் கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து வந்த குடும்பங்கள். கிரிக்கெட் பேச்செடுத்தால் கொட்டாவி விடுவார்கள். அப்பேர்ப்பட்ட சந்து, உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. காரணம் சுஜா.

சுஜா பை தைக்கும் கார்கானாவில் வேலை பார்க்கிறவள். கணவன் சாஜன் அந்தக் கோப்பைக்காக வளைகுடாவில் ஸ்டேடியம் கட்டச் சாரம் போடப் போனவன். உச்சி வெயிலில் சரிந்து விழுந்து செத்தான். இயற்கை மரணம் என்று எழுதிக் கம்பெனி சவப்பெட்டியை அனுப்பிவிட்டது. கல்லு மாதிரி இருந்த மனுஷனுக்கு என்ன இயற்கை மரணம்? வெயில்தான் கொன்றது என்று ஒருவராவது வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இறுதி ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு மாட்டுங்காவிலிருந்து தொழிலாளர் சங்கத்தார் வந்தார்கள். வெளிநாட்டில் சில ஊர்களில் இந்தக் கோப்பையைப் புறக்கணிக்கிறார்கள், நீங்களும் பார்க்காதீர்கள் என்றார்கள். சுஜா உடனே செல்போனை நீட்டினாள். இறுதி ஆட்டம் நடக்கப்போகிற ஸ்டேடியத்துக்கு முன்னால் சாஜன் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்.

"இது இவரு கெட்டுனது. இங்கதான் உயிரு போச்சு," என்றாள்.

அதற்குமேல் சந்தில் பேச்சில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டுப் பக்கத்தில் யாரும் டிவி போடுவதில்லை; அந்த ஸ்டேடியமும் அப்படித்தான். டீக்கடை சந்தியாகு தன் பெரிய டிவியை வேட்டியால் மூடினார். மனுஷனுக்கு உள்ளுக்குள் குமைச்சல்தான். இங்கே டிவியை அணைத்தால் அங்கே எவனுக்குத் தெரியப்போகிறது என்று மனைவி தெரசம்மாளிடம் முணுமுணுத்தாராம். ஆனாலும் வேட்டியை எடுக்கவில்லை.

ஆட்டத்தன்று மத்தியானம் குர்லாவிலிருந்து ஜெயினுலாப்தீன் வந்தார். சாஜனோடு ஒரே அறையில் தங்கி, ஒரே சாரத்தில் ஏறியவர். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. அது லீவு நாளில் பஸ் பிடித்துப் போய் எடுத்த படம். வீட்டுக்கு அனுப்புகிற படத்துக்கு எல்லோரும் நல்ல இடமாகப் பார்த்துத்தான் நிற்பார்கள். தாங்கள் படுத்திருந்த தகரக் கொட்டகை முன்னாலா நிற்பார்கள்? வேலை செய்ததும், சாஜன் விழுந்ததும் வேறு ஸ்டேடியம் என்றார்.

அந்த ஸ்டேடியத்தின் பெயரைக் கேட்டதும் சுஜா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். சாஜன் விழுந்த அந்த ஸ்டேடியத்தில் நடந்த ஆட்டத்தைச் சங்கத்தார் வருவதற்கு முன்பே சந்து கூடிப் பார்த்துவிட்டது. அவர் கட்டியது அதுவல்லவே என்று அவளும் போய் உட்கார்ந்தாள். சுண்டல் தாளித்துக் கொடுத்ததே அவள்தான். கோல் விழுந்தபோது கை தட்டியதும் நினைவிருந்தது.

"அண்ணே, நாங்க பாக்காம இருந்தா அவங்க ஒத்துக்கிடுவாங்களா?"

ஜெயினுலாப்தீன் மறைக்கவில்லை. "தெரியல தங்கச்சி. சாஜன் போன பெறகு, வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் வந்து கேள்வி கேக்க ஆரம்பிச்சான். அப்பதான் மத்தியானத்துல வேலைய நிறுத்துனாங்க. அது நெசம். ஆட்டம் முடிஞ்சா அவனும் போயிருவான். பெறகு யாரு கேப்பா?"

சுஜா எழுந்து டீக்கடைக்குப் போனாள். வேட்டியைத் தானே உருவினாள். படம் எடுத்த இடம் வேறு, அவர் செத்த இடம் வேறு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சங்கத்தாருக்கும் போன் போட்டுச் சொன்னாள். புறக்கணிப்பு நின்றதில் அவர்களுக்கு வருத்தம்தான், ஆனாலும் இரண்டு பேர் வந்தார்கள்.

"ஆட்டம்னாத்தான் எல்லாரும் கூடுவீங்க. இந்த அண்ணன் சொல்லுகத மொதல்ல கேளுங்க. கேட்டுட்டுப் பாருங்க," என்றாள்.

ஜெயினுலாப்தீன் சொன்னார். தண்ணீர் கேன் காலியாகக் கிடந்ததை, ஃபோர்மேன் கீழே இறங்க விடாததை, சாஜன் குழாயைப் பிடித்தபடியே கண் செருகியதை. அவர் முடித்த பிறகுதான் டிவி போட்டார்கள்.

முதல் கோல் விழுந்தது. ஒரு கைதட்டல் இல்லை. எல்லோரும் திரும்பிச் சுஜாவைப் பார்த்தார்கள். தட்டச் சொல்வதா, வேண்டாம் என்பதா, அவளுக்கே தெரியவில்லை.

"அன்னைக்கு அவரு விழுந்த எடத்தப் பாத்து நானும்லா கை தட்டுனேன்," என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சந்தியாகு எழுந்து போய், டிவியை அணைக்காமல், சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.