என் தலையில் மாட்டிப் பார்த்து வாங்கிய ஹெட்போன்

தேவாரம் ஊரில் எங்கள் வீட்டிலிருந்தே என் மனைவி ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத் தேனியில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஹெட்போன் வாங்கினேன். கடையில் என் தலையில் மாட்டி ஒரே ஒரு பாட்டுக் கேட்டேன். சத்தம் அருமையாக இருந்தது.

"காதைப் போட்டு நெருக்குதுங்க. தலை வலிக்குது," என்றாள்.

"போகப் போகப் பழகிரும்," என்றேன்.

தலைவலி தாங்கவில்லை என்று நான்கே மாதத்தில் வேலையை விட்டாள். "அவளுக்கு உடம்பு வணங்கல, சோம்பல்," என்று அம்மாவிடம் சொன்னேன். அது அவளுக்கும் கேட்டது.

போன மாதம் ஆபீஸ் மீட்டிங்குக்காக அதை நானே மாட்டினேன். அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது. கழற்றிவிட்டு அவளிடம் போனேன்.

"மெத்துன்னு வேற வாங்குவோம். கடைக்கு வந்து நீயே மாட்டிப் பாரு."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "இனி எனக்கு எதுக்குங்க?" என்றாள்.

அவளுக்கு வலித்ததை நம்ப, எனக்கும் வலிக்க வேண்டியிருந்தது.