காதுகுத்தும் கோர்ட் மார்ஷலும்

என் தம்பிமேல் ராணுவச் சட்டப்படி குற்றச்சாட்டு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் நான் முதலில் யோசித்தது, விசாரணைக்கு எந்தப் புடவை கட்டுவது என்பதைத்தான். தொண்ணூறுகளின் நடுவில், டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருந்தோம். எதற்கும் குடும்பத்தோடு கிளம்புவதுதான் எங்கள் வழக்கம்.

தம்பி வாரம் முழுக்க எண்ணெய் கம்பெனி இன்ஜினியர். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் மாநிலப் படையில் டிரக் ஓட்டும் சிப்பாய். கிரீன் கார்டு இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். சீருடையைப் போட்டுக்கொண்டு அவன் கண்ணாடி முன்னால் நிற்கிற நேரத்தில் வீட்டில் மற்ற எல்லோரும் குளித்துவிடலாம். அவ்வளவு பெருமை அவனுக்கு.

என் மகளுக்குக் காது குத்தும் முகூர்த்தம் சரியாகப் பயிற்சிச் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவதா? அதனால் தம்பி நமக்குத் தெரிந்த முறையில் சொல்லிக்கொண்டான். முந்தின மாதமே தட்டில் லட்டு வைத்து எடுத்துப்போய், தேதியையும் தன் மடியின் முக்கியத்துவத்தையும் கேப்டனிடம் விளக்கி, "நீங்க குடும்பத்தோட அவசியம் வரணும் சார்" என்று அழைத்தான். கேப்டன் லட்டைத் தின்றுவிட்டு, "ரொம்ப சந்தோஷம், வாழ்த்துகள்" என்றார். இதற்குமேல் என்ன லீவு வேண்டும்? பேர்லேண்ட் கோயிலில் குழந்தை வீல் வீலென்று கத்த, மாமன்காரன் அவளைவிட அதிகமாக அழ, எல்லாம் அமர்க்களமாக நடந்தது. திங்கட்கிழமை போன் வந்தது. அனுமதி இல்லாமல் பயிற்சிக்கு வராதது குற்றமாம்.

கேப்டன் முன்னாலேயே விசாரணையை முடித்துக்கொள்ளலாம், அல்லது மறுத்துக் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதில் தோற்றால் படையும் போகும், போட்டிருக்கும் சிட்டிசன்ஷிப் மனுவும் தொங்கும். தம்பிக்கு இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

என் கணவர் நூலகத்திலிருந்து மாநிலப் படைச் சட்டத்தை நகலெடுத்து வந்தார். முதல் பக்கங்கள் முழுக்க எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான். அக்யூசர் என்றால் குற்றச்சாட்டில் கையெழுத்துப் போடுகிறவர். கன்வீனிங் அதாரிட்டி என்றால் கோர்ட்டைக் கூட்டும் அதிகாரம் உள்ளவர். அக்யூசரே கோர்ட்டைக் கூட்டக்கூடாது.

"நம்ம வீட்ல நீ ரெண்டுமா இருக்கியே, அது செல்லாதுடி" என்றார் கணவர்.

அன்றிலிருந்து வீடு தலைகீழானது. சட்டத்தில் இருந்த தண்டனைகளெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. பாத்திரம் கழுவுவது எக்ஸ்ட்ரா டியூட்டி. குழந்தையைக் கம்பித் தொட்டிலில் விட்டால் கன்ஃபைன்மென்ட், அதாவது சிறைவைப்பு. ரசத்தில் உப்பில்லை என்று சொன்ன மனிதரிடம், "அக்யூசர் கையெழுத்துப் போடட்டும்" என்று கரண்டியை நீட்டினேன். பயந்துபோயிருந்தோம், அதனால் இன்னும் சத்தமாகச் சிரித்தோம்.

கடைசியில் கேப்டன் முன்னாலேயே விசாரணை என்று தம்பி ஒத்துக்கொண்டான். அவன் சார்பில் ஒருவர் பேசலாம், விசாரணை ஓப்பனாக நடக்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஓப்பன் என்றால் யாரும் வரலாம் அல்லவா? பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக இரண்டு வேன் நிறையப் போய் இறங்கினோம். வாசலில் நின்ற சிப்பாய், "கல்யாணமா மேடம்? சர்ச் அடுத்த தெரு" என்றான்.

பேசியது நான்தான். மொழி இங்கிலீஷ், வேகம் தமிழ். "எங்க ஊர்ல லட்டு குடுத்து சொன்னா அதுதான் சார் சொல்றது. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையா?"

"சாப்பிட்டேன். ரெண்டு" என்றார் கேப்டன்.

"அப்ப நீங்களே சாட்சி! சாட்சி எப்படி சார் ஜட்ஜா உக்காரலாம்?"

எங்கள் கூட்டம் கைதட்டியது. கேப்டன் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள்கள் குலுங்கின. பிறகு தம்பியைப் பார்த்து, "நீ அழைத்தாய், நான் தேதியைக் கவனிக்கவில்லை. தண்டனை இல்லை, இதை இத்தோடு விடுகிறேன்" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கணவரைக் கட்டிப்பிடித்தேன், பழத்தட்டை மேசையில் வைத்தேன்.

"ஒரே ஒரு விஷயம்" என்று கேப்டன் கதவோரம் நின்ற இன்னொரு சிப்பாயைக் காட்டினார். "அன்றைக்கு உன் டிரக்கை இவன்தான் ஓட்டினான். மகளின் முதல் பிறந்தநாளுக்கு முறைப்படி லீவு வாங்கியிருந்தான். ஓட்ட ஆள் இல்லாததால் அதை நான் ரத்து செய்ய வேண்டியதாகிவிட்டது."

தம்பி திரும்பி அந்த மனிதரைப் பார்த்தான். அவர் சங்கடமாகச் சிரித்து, பரவாயில்லை என்பதுபோல் கையை அசைத்தார். தம்பி நிமிர்ந்து நின்று, "அடுத்த மாதம் இவருக்கு இருக்கும் கூடுதல் டியூட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் சார்" என்றான். கேப்டன் சரி என்றார்.

வேனில் ஏறியும் என் துள்ளல் அடங்கவில்லை. அவன் முதுகில் ஒன்று வைத்தேன். "தண்டனையே இல்லன்னுட்டாரு, நீயா எதுக்குடா போய் மாட்டிக்கிற? அடுத்த மாசம் டியூட்டி அன்னிக்கு தீபாவளிடா!"

"தெரியும்க்கா" என்றான். "காதுகுத்து அன்னிக்கு நம்ம பாப்பா என் மடியில உக்காந்திருந்தா. அவர் பாப்பாவுக்கு அன்னிக்கு அப்பா மடியே இல்லக்கா."