மினி டீச்சரின் மூன்று நிமிடம்

தனுவச்சபுரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் என் வகுப்புக்கும் மினியின் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு திங்கள்கிழமை பத்து நிமிடமாக அங்கே சத்தமே இல்லை. ஆசிரியை இல்லாமல் வகுப்பா? எனக்குக் கோபம் வந்தது. விறுவிறுவென்று போனேன்.

அறுபது பிள்ளைகளும் கண்ணை மூடியிருந்தார்கள். வெளியே ரப்பர் இலைகளில் சாரல் விழும் சத்தம். எங்கோ பாறசாலைப் பக்கம் ரயில் போனது. எனக்கே கண் சொக்கியது. கரும்பலகையோரம் மினி நின்றாள். கையிலிருந்த சாக்பீஸ் நடுங்கியது.

"மூணு நிமிசம் மூச்சைக் கவனியுங்கோண்ணு சொன்னேன் அக்கா. நேரம் கழிஞ்சாச்சு. ஆரும் கண்ணத் தொறக்கேல்ல," என்று கிசுகிசுத்தாள்.

அட மக்கு! பாதிப் பேர் எங்கள் சபைப் பிள்ளைகள். கண்ணை மூடிவிட்டால் ஆமென் கேட்காமல் திறப்பார்களா? மினி கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு எப்படித் தெரியும்! நானே உரக்க ஆமென் சொன்னேன். வகுப்பே கண்ணைத் திறந்து சிரித்தது.

மினிக்கு ஊர் காஞ்சிரங்குளம். புள்ளியியலில் புலி. ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் கை நடுங்கும், பேச்சு நின்றுவிடும். பிள்ளைகளின் பதற்றம் தணியத்தான் இந்தப் பயிற்சியை எங்கோ கற்று வந்தாள். கூடவே, அந்த மூன்று நிமிடம் யாரும் அவளைப் பார்க்க மாட்டார்கள். இதை அன்று அவளே கண்கலங்கி என்னிடம் சொன்னாள்.

அவள் கெஸ்ட் லெக்சரர். வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் ஜாய் சார் வகுப்பில் வந்து உட்காருவார். அவருக்குப் பிடித்தால்தான் அடுத்த வருடமும் வேலை. அவர் முன்னால் பிள்ளைகளைக் கண்மூடச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை என் வகுப்புக்குக் கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பலகைத் தடுப்பில் காதை வைத்தேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், போகட்டும். மினி "குட் மார்னிங்" என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை. பாவி, பேசேன்டி!

பெஞ்ச் நகர்ந்தது. முன்வரிசை ரெஜிலாவின் குரல்:

"சாறே, எங்களுக்கு அடுத்த பீரியடு டெஸ்டு உண்டு. ஒரே வெப்ராளமாக்கும், பயந்து வருது. மூணு நிமிசம் கண்ணடச்சு இருந்துக்கிடட்டா? சாறும் இருக்கணும்."

ஜாய் சார் சிரித்துக்கொண்டே சரி என்றார். நானும் கண்ணை மூடினேன். இலைகள் அசைவதும் அறுபது பேர் மூச்சு விடுவதும் ஒரே சத்தமாகக் கேட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்தது. அதற்குள்ளிருந்து மினியின் குரல் மெல்ல எழுந்தது. பிறகு நாற்பது நிமிடமும் அது தடுமாறவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மினி ரெஜிலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மக்கா, டெஸ்டு எப்பிடி இருந்தது?"

"டெஸ்டு ஒண்ணும் இல்ல டீச்சரே." பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தபடி அவள் திரும்பினாள். "ஒங்க கை வெறைக்கது எங்களுக்கு மொத நாளே தெரியும். ஒங்களுக்காக்கும் நாங்க கண்ணடைக்கது."