வாங்கில்லாத கோவிலில் ஒரு ஞாயிறு

மார்கழி விடுமுறையில் வடமராட்சிப் பக்கம் போக விரும்பும் ஆசிரியைகள் சிலர் என்னிடம் வழி கேட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் முதலில் போனது 1938 ஓகஸ்ட் கடைசி ஞாயிறன்று. பூவரசடி மெதடிஸ்த கோவில் போதகரின் மனைவி என் கல்லூரித் தோழி. அவர்களுக்கு இடமாற்றம் வந்துவிட்டதால், போகுமுன் வரும்படி அழைத்திருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து உடுப்பிட்டிக்குக் காலை ஆறு மணி பஸ், முப்பது சதம். அங்கிருந்து பூவரசடி ஒன்றரை மைல். மாட்டுவண்டிக்கு இருபத்தைந்து சதம்.

“அக்கா, உங்கை இருக்க வாங்கு இல்லை. நிலத்திலைதான் குந்த வேணும்,” என்றார் வண்டிக்காரர்.

“குந்துவன்.”

“அப்ப ஏறுங்கோ.”

வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், தாழ்ந்த ஓட்டுக்கூரை. பார்வைக்கு விசேடமாக ஒன்றுமில்லை. விசேடம் அதன் கதையில்தான். முன்பு வசதியுள்ள குடும்பங்கள் நீண்ட மர வாங்குகளிலும், பனைத்தொழில் செய்யும் குடும்பங்கள் பின்னால் பாயிலும் இருந்து ஆராதித்தார்களாம். தோழியின் கணவர் வந்ததும், “எல்லாரும் வாங்கில், அல்லது எல்லாரும் பாயில்” என்று சொல்லிவிட்டார். ஒரே வாங்கில் சேர்ந்திருக்க மனமில்லாமல், வசதியுள்ள குடும்பத்துப் பெரியவர்கள் பாயைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு மாதத்தில் போதகர் இறங்கிவருவார் என்பது அவர்கள் கணக்கு. அவர் இறங்கவில்லை. வாங்குகள் பள்ளி மண்டபத்துக்குப் போயின.

“நாங்கள் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று மரியமுத்துவுக்குப் பயம்,” என்றாள் தோழி. மரியமுத்து பனைத்தொழில் குடும்பத்துப் பெண்; ஐம்பது வயதிருக்கும்.

அன்று முன்வரிசையில் ஒரே ஒரு வாங்கு கிடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியையான, வசதியுள்ள குடும்பத்துப் பாக்கியம் ரீச்சருக்கு முழங்கால் வாதம். முழங்கால் இயலாத எவரும் இருக்கலாம் என்ற நிபந்தனையோடு போதகர் அதை அனுமதித்திருந்தார். ரீச்சர் ஒரு முனையில் இருந்தார். மரியமுத்து நொண்டி நொண்டி வந்து மறுமுனையில் இருந்தார்.

“எனக்கும் வாதந்தான், ரீச்சர்.”

ரீச்சர் எழுந்துபோய்ப் பாயில் இருந்தார். முன்னே போய் மரியமுத்துவின் பக்கத்தில் இருக்காமல், நான் வாசலருகே பாயிலேயே இருந்தேன். அது கொள்கையா, தயக்கமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். ரீச்சரால் எழ முடியவில்லை. மரியமுத்து கிட்டப் போய், “பிடிக்கட்டோ, ரீச்சர்?” என்றார்.

“கேட்டுக்கொண்டு நில், பொழுதுபட்டிடும். பிடியடி!”

தூக்கிவிட்டதும் ரீச்சர் சேலையை உதறினார். “வாற ஞாயிறு வாங்கிலை சுவர்ப்பக்கம் எனக்கு. நீ மற்றப் பக்கத்திலை இரு.”

“அப்ப பாய்க்கு வரமாட்டியளோ?”

“ஒருக்கா எழும்பேலாமல் கிடந்தது போதும்.”

கார்த்திகையில் மறுபடியும் போனேன். புதிய போதகர் வந்திருந்தார். மற்ற வாங்குகளையும் உள்ளே கொண்டுவரலாமா என்று பெரியவர்கள் பேச்செடுத்தபோது, “கொண்டுவந்தால் மரியமுத்துவின்ரை ஆக்களும் எங்களோடை வாங்கிலை இருப்பினம். சம்மதமெண்டால் கொண்டுவாங்கோ,” என்றாராம் பாக்கியம் ரீச்சர். ஒருவரும் கொண்டுவரவில்லை.

போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் உடுப்பிட்டியில் ஒரு மணிக்கு. முழங்கால் இயலாதவர்கள் பயப்பட வேண்டாம். அந்த ஒற்றை வாங்கின் இரு முனைகளிலும் ரீச்சரும் மரியமுத்துவும் இருப்பார்கள். இன்னும் பேசிக்கொள்வது குறைவுதான். நடுவில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.