சின்ன மெஷினும் சிப்பிப் பூவும்

கிதார் செய்கிறவருக்கு வயிற்றெரிச்சல் வெளியாள் மேல் இல்லை, கட்டிய மனைவி மேல்தான். கிதாரின் கழுத்தில் சிப்பி ஓட்டில் வெட்டிய பூவைப் பதிக்க அவர் உளியால் நாள் முழுக்கக் குழி குடைவார். அவளோ பேனா மாதிரி ஒரு மின்கருவியை வைத்துக்கொண்டு, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். வருகிறவர்களும், “அக்கா பதிச்ச பூதான் வேணும்” என்பார்கள்.

“மெஷின் செய்யுது, பேரு இவளுக்கு!” என்று அவர் பொருமுவார்.

ஒருநாள் அவள் உள்ளே போன நேரம் பார்த்து, மெஷின் சத்தம் கேட்காமலிருக்க ரேடியோவை அலறவிட்டு, அந்தக் கருவியை எடுத்துக் கழிவுக்கட்டையில் வைத்து அழுத்தினார். முனை சறுக்கிக் கோணல் கோடு விழுந்தது.

சமையலறையிலிருந்து குரல் வந்தது: “அழுத்தாதீங்க, மெஷின் திணறுது. சும்மா தொட்டாப் போதும்.”

தொட்டார். குழி அச்சில் வார்த்ததுபோல் வந்தது. வயிறு முன்னைவிட எரிந்தது.